டயாலிசிஸ் நோயாளிகளின் இரத்தசோகைச் சிகிச்சையும் இரத்த அழுத்தமும்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தசோகை வருவது இயல்பு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. இப்படியொரு பொருள் உண்டென்று 1906இல் பாரிஸில் கார்னோவும் டெஃப்லாண்டரும் கூறினர். 1977இல் மியாகே, கோல்ட்வாசர் குழுவினர் இரத்தசோகை நோயாளிகளின் 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். 1983இல் ஆம்ஜென் நிறுவனத்தின் ஃபூ-குவென் லின் அதன் மரபணுவைக் கண்டெடுத்த பிறகே ஊசிமருந்து சாத்தியமாயிற்று.

அதுவரை டயாலிசிஸ் நோயாளிகள் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளினர். அதனால் உடலில் இரும்பு தேங்கியது. கல்லீரல் அழற்சி தொற்றியது. மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாயின. 1986-87இல் பிரிட்டனிலும் அமெரிக்காவின் சியாட்டிலிலும் நடந்த ஆய்வுகள் இந்தத் துயரத்துக்கு விடிவு காட்டின. அதே ஆய்வுகளில்தான் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறியதும் தெரியவந்தது. தொடக்க ஆண்டுகளில் வலிப்பு வரை போனவர்களும் உண்டு. 1989இல் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு அழுத்தம் உயர்வதாகக் கணிக்கப்பட்டது.

இதற்கு ஒரே காரணம் இல்லை. இரத்தசோகையில் பிராணவாயு போதாமல் இரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். ஹீமோகுளோபின் ஏறியதும் அவை சுருங்கும். இரத்தமும் கெட்டிப்படும். ஆனால் சிறுநீரகம் பழுதான எலிகளுக்கு இரும்புச்சத்தைக் குறைத்து, சிவப்பணு ஏறாதபடி வைத்து மருந்தைக் கொடுத்தபோதும் அழுத்தம் உயர்ந்தது. எனவே மருந்தே குழாய்ச் சுவரில் வேலை செய்கிறது எனலாம். குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடுக்குச் சுவர் இணங்காமல் போவது ஒரு விளக்கம். சுருக்கும் எண்டோதீலின் மிகுவது இன்னொன்று. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே உடலில் சேரும் உப்பும் நீரும் நிலைமையை மோசமாக்கும். அதனால்தான் டயாலிசிஸ் பிரிவில் ஊசி போடுமுன் அழுத்தத்தையும் எடையையும் பார்க்கிறார்கள். அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் ஊசியைத் தள்ளிவைக்கிறார்கள். இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமுக்கு மேல் ஏறினால் அளவைக் குறைப்பது வழக்கம்.

அழுத்தம் தந்த எச்சரிக்கையை மருத்துவ உலகம் இன்னும் முன்னதாகவே கவனித்திருக்க வேண்டும். ஹீமோகுளோபினை இயல்பு நிலைக்கே கொண்டுபோகும் ஆர்வம் மேலோங்கியது. இதயநோயுள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, பலன் தெரியாததோடு தீங்கின் அறிகுறியும் தென்பட்டதால் பாதியில் நிறுத்தப்பட்டது; முடிவுகள் 1998இல் வெளிவந்தன. டயாலிசிஸ் நிலையை எட்டாத சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 2009 ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய இருமடங்கானது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஹீமோகுளோபின் 10க்குக் கீழ் இறங்கினால் தொடங்கவும், 11ஐ நெருங்கினால் அளவைக் குறைக்கவும் 2011இல் அமெரிக்க மருந்துத் துறை அறிவுறுத்தியது.

உடலே எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகள் அடுத்து வந்தன. ராக்ஸாடுஸ்டாட் 2018இல் சீனாவிலும், டாப்ரோடுஸ்டாட் 2023இல் அமெரிக்காவிலும் டயாலிசிஸ் நோயாளிகளுக்காக அனுமதி பெற்றன. டாப்ரோடுஸ்டாட்டின் மருந்துக் குறிப்பிலும் இரத்த அழுத்தம் உயரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது.