பழைய தச்சு வைஸ்: பழுதறிதலும் சீரமைப்பும்

தச்சு மேசையின் விளிம்பில் பொருத்தப்படும் விரைவு விடுப்பு வைஸுக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தயாரான ரெக்கார்டு 52 வரிசை. இதில் 52 என்பது 7 அங்குலத் தாடை கொண்டது. 52½ என்பது 9 அங்குலம். 53 என்பது பத்தரை அங்குலம். முன்தாடையருகே உள்ள நெம்பை அழுத்தினால், திருகுத் தண்டைக் கவ்வியிருக்கும் அரை நட்டு விலகும். தாடையைக் கையாலேயே இழுக்கலாம், தள்ளலாம். நெம்பை விட்டதும் ஒரு ஸ்பிரிங் அரை நட்டை மீண்டும் மரையில் சேர்த்துவிடும்.

பழைய வைஸில் அடிக்கடி காணப்படும் கோளாறு, இறுக்கும்போது மரை நழுவுவது. உடனே நட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். பழைய கிரீஸும் மரத்தூளும் சேர்ந்து இறுகி மரையின் பள்ளங்களை அடைத்திருந்தாலும், அரை நட்டு முழுதாக உட்காராமல் இப்படித்தான் நழுவும். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு மரையைப் பள்ளம் பள்ளமாகச் சுத்தம் செய்தாலே பல வைஸ்கள் பிடித்துக்கொள்ளும். பிறகும் நழுவினால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்: அது தளர்ந்தோ ஒடிந்தோ கழன்றோ இருக்கலாம். அதுவும் சரியாக இருந்து, நட்டின் பற்கள் மழுங்கியிருந்தால்தான் மாற்று நட்டு தேவைப்படும்.

முன்தாடையின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பது பழுதன்று. பளு ஏறும்போது தாடையின் மேற்பகுதி வெளியே வளையும். அதை ஈடுகட்டவே அந்தச் சாய்வு. அதை அரம் போட்டுச் 'சரிசெய்வது' நல்ல வைஸைக் கெடுக்கும். மரத்துண்டைத் தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் பிடிக்கும்போது தாடை கோணுவதும் இயல்பே. மறு ஓரத்தில் அதே கனமுள்ள கட்டையை வைத்தால் நேராகிவிடும்.

வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் நிலைமை வேறு. அதைப் பற்றவைக்க முன்சூடும் தனி மின்வாயும் தேவை. சாதாரணப் பற்றவைப்பு விரிசலைப் பெரிதாக்கக்கூடும். விலைக்கு வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியதும் இதுவே.

துருவுக்கு 5 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைப்பது எளிய வழி. ஸ்பிரிங்கை அதில் போடக்கூடாது; அமிலத்தில் உருவாகும் ஹைட்ரஜன் கடின எஃகை நொறுங்கும்படி ஆக்கக்கூடும். கழுவி, சலவைச் சோடா நீரில் முக்கி, உடனே உலர்த்தாவிட்டால் புதுத் துரு படியும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்த்துத் தூசாக்கக்கூடாது.

மீண்டும் பூட்டும்போது வழித்தண்டுகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், மரையில் மெழுகும் போதும். கெட்டியான கிரீஸ் தூளை மறுபடி இழுத்துச் சேர்க்கும். தாடைகளுக்குக் கடின மரப் பலகைகளைத் திருகி, அவற்றின் மேல்விளிம்பை மேசைத்தளத்தோடு மட்டமாக இழைத்துவிட்டால் வைஸ் வேலைக்குத் தயார்.