யாருடைய விளக்கு?

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில், புகார்க் கடற்கரையில் எரியும் விளக்குகளை இளங்கோவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறார். வண்ணமும் சாந்தும் மலரும் விற்போர் விளக்கு, பொன்வேலை செய்யும் கம்மியர் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு, மரக்கலங்களுக்குக் கரை காட்டும் விளக்கு, பரதவர் திமில் விளக்கு, வேற்றுமொழி பேசும் நாட்டார் விளக்கு, பண்டங்களைக் காப்போர் விளக்கு என்று அப்பட்டியல் நீள்கிறது. அப்பம் சுடுவோர் விளக்கின் தண்டு குடம் போன்றது என்பது முதலிய செய்திகள் இடையே வரினும், ஏறத்தாழ எல்லா விளக்குகளும் அவற்றை ஏற்றியவர் இன்னார் என்பதைக் கொண்டே பெயர் பெறுகின்றன. விளக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் கைக்கொள்ளத் தக்க முறை இது என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஆண்டில் எந்த விளக்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்பது பாதி வரலாறு. அது யாருக்காக எரிந்தது என்பது மறுபாதி.

பேராக்கின் தென்னெல்லையில், பெர்ணம் ஆற்றங்கரையில் உள்ள தஞ்சோங் மாலிம் நகரில் நின்றுகொண்டு இந்த மறுபாதியைப் பார்க்கலாம். 1922ஆம் ஆண்டு முதல் ஆசிரியர்களைப் பயிற்றிவரும் ஊர் அது. சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிலையம் 1997இல் பல்கலைக்கழகமாகி, இன்று தமிழாசிரியராக விரும்புவோரும் அங்கே பயில்கின்றனர். ஊரைச் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. தெற்கே கலும்பாங், கெர்லிங், கோலகுபு பாரு, ராசா, பத்தாங்காலி, செரெண்டா என்று ஊர்களை எண்ணிக்கொண்டு போனால் ராவாங் வரும். அந்த ராவாங்கிலேதான் நம் கதையின் முதல் விளக்கு எரிந்தது. ஆயினும் முதல் விளக்கை விட்டுவிட்டு, கண்ணைப் பறித்த விளக்காகிய நியானிலிருந்து தொடங்குகிறேன்.

நியான் என்பது கிரேக்கச் சொல். 'புதியது' என்பது அதன் பொருள். 1898ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் ராம்சே, மாரிஸ் டிராவர்ஸ் என்னும் இருவரும் குளிர்வித்துத் திரவமாக்கிய காற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சியபோது, அதுவரை எந்த வாயுவிலும் காணாத செந்நிற ஒளி வீசிற்று. ராம்சேயின் மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. புதியது என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் பெயரிடலாம் என்று அச்சிறுவன் கூற, தந்தை அச்சொல்லைக் கிரேக்கமாக்கிக்கொண்டார். ஒரு தனிமத்திற்குப் பள்ளிச் சிறுவன் பெயர் வைத்த இச்செய்தியை ஆசிரியர்கள் வகுப்பில் சொன்னால் மாணவர் மறக்கமாட்டார்.

நியான் எங்கும் இருக்கிறது. ஆனால் மிகச் சிறிதளவே இருக்கிறது. ஏறத்தாழ 55,000 லிட்டர் காற்றில் ஒரு லிட்டர் நியான் அடங்கும். அது எதனோடும் எளிதில் கூடாது, எரியாது, துருப்பிடிக்கச் செய்யாது. பயனற்றதுபோல் தோன்றிய இவ்வாயுவுக்குப் பயன் கண்டவர் ஜார்ஜ் கிளாட் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் எடுக்கும் தொழில் நடத்தியவர். அத்தொழிலில் நியான் மிச்சமாக வந்துகொண்டேயிருந்தது. மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகவே 1910ஆம் ஆண்டு டிசம்பரில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் இரண்டு நீண்ட செங்குழாய்களை அவர் ஒளிரச் செய்தார். வீட்டுக்கு அந்நிறம் ஒவ்வாது. முகமெல்லாம் சிவந்து தோன்றும். ஆனால் விளம்பரத்திற்கு அதைவிடப் பொருத்தமான ஒளி வேறில்லை. 1912இல் பாரிஸில் ஒரு முடிதிருத்தும் கடை அதை முதலில் வாங்கிற்று. 1926க்குள் ஷாங்காய் நகரத்துக் கடை முகப்பிலும் நியான் எழுத்துக்கள் எரிந்தன.

அதைச் செய்யும் விதம் சொல்லத்தக்கது. கண்ணாடிக் குழாயை நெருப்பில் வாட்டி, இளகிய கணத்தில் எழுத்தின் வடிவுக்கு வளைப்பர். வளையும் இடத்தில் குழாய் நசுங்கிப்போகாமல் இருக்க, ஒரு முனையில் மாட்டிய ரப்பர்க் குழாயை வாயில் வைத்து மெல்ல ஊதிக்கொண்டேயிருப்பர். (நம் மரத்துப் பால் அங்கும் போயிருக்கிறது!) பின்னர் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி நீக்கி, நூற்றில் ஒரு பங்கு வளியழுத்த அளவில் நியானை நிரப்பி மூடுவர். பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் தாக்கும்போது, விரைந்தோடும் மின்னணுக்கள் நியான் அணுக்களில் மோதுகின்றன. மோதுண்ட அணு, பெற்ற ஆற்றலைச் செவ்வொளியாக உமிழ்கிறது. சிவப்பு மட்டுமே உண்மையான நியான். நீலமும் பச்சையும் பெரும்பாலும் ஆர்கான் வாயுவும் பாதரச ஆவியும் காட்டும் நிறங்கள். ஆக, நியான் விளக்கு என்று நாம் சுட்டியவற்றுள் பலவற்றில் நியானே இல்லை.

இளங்கோவடிகளின் பட்டியலில் இது எந்த விளக்கு? ஐயமின்றிக் கடைக்காரர் விளக்கு. பொருள்களை நாம் காண்பதற்காக எரியாமல், தன்னையே நாம் காண்பதற்காக எரிவது. திரையரங்கு, உணவுக்கடை, நகைக்கடை முகப்புகளில் அது இடம்பெற்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் இந்நாட்டில் மின்சாரம் கடைக்காரருக்காக வரவில்லை. இனி ராவாங்கிற்குப் போகலாம்.

1894ஆம் ஆண்டு ராவாங் ஈயச் சுரங்கத்தில், நம் வழக்கில் சொன்னால் ஈய லம்பத்தில், ஒரு மின்னாக்கி நிறுவப்பட்டது. மலாயாவில் மின்சாரம் உண்டாக்கியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. நிறுவியவர் இருவர். ஒருவர் சீனப் பெருஞ்செல்வர் லோக் யூ. மற்றவர் காயாரோகணம் தம்புசாமி பிள்ளை.

லம்பத்திற்கு மின்சாரம் எதற்கு? நிலத்தை ஆழமாகத் தோண்டத் தோண்ட நீர் சுரந்து குழியை நிரப்பும். அதை இறைத்தால்தான் ஈயமணல் கிட்டும். நீராவி எந்திரத்தால் இறைக்க வேண்டுமானால் காட்டை வெட்டி விறகு சுமந்து கொண்டுவந்து கொட்ட வேண்டும். மின்விசைப் பம்பு அத்தொல்லையைத் தீர்த்தது. பம்புக்காக வந்த மின்சாரத்தால் ராவாங்கின் தெருவிலும் விளக்கு ஏற்றப்பட்டது. தலைநகராகிய கோலாலம்பூரின் தொடர்வண்டி நிலையத்துக்கு மின்சாரம் வந்ததோ 1895இல்தான். வியப்பான ஒற்றுமை ஒன்று: ரேலி பிரபுவும் ராம்சேயும் ஆர்கான் வாயுவைக் கண்டதாக உலகுக்கு அறிவித்ததும் அதே 1894இல். அந்த ஆர்கான் இக்கதையின் இறுதியில் மீண்டும் வரும்.

தம்புசாமி பிள்ளை 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர். ராஃபிள்ஸ் கல்விக்கூடத்தில் பயின்றவர். சிலாங்கூரின் முதல் ரெசிடெண்டாக டேவிட்சன் வந்தபோது அவருடன் எழுத்தராக வந்து, கருவூலத்தில் உயர்பதவி வகித்தார். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலோடும் பத்துமலை முருகனோடும் அவர் பெயர் பிரிக்க முடியாதபடி இணைந்திருக்கிறது. விக்டோரியா கல்விக்கூடத்தை நிறுவியோருள்ளும் அவர் ஒருவர். தைப்பூசத்தன்று பத்துமலை ஏறும் இலட்சக்கணக்கானோரில் பலர் அவர் பெயரை அறிவர். ஆனால் இந்நாட்டின் முதல் மின்னாக்கியில் அவருக்குப் பங்குண்டு என்பதை நம்மவர் எத்தனை பேர் அறிவர்? மின்வாரியத்தார் தம் வரலாற்றை எழுதும்போது அவர் பெயரோடுதான் தொடங்குகின்றனர். நாமோ அவரைக் கோயில் கட்டியவராக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். நம் வரலாற்று நினைவில் கோயிலுக்கு இடமுண்டு. எந்திரத்துக்கு இடமில்லை என்பது குறைதான்.

எனினும் அவரைப் போற்றி அமைந்துவிடுவதும் முழு உண்மையாகாது. தொடர்வண்டிப் பாதை போடுவதற்காகத் தமிழகத்திலிருந்து கூலியாட்களைத் தருவிக்கும் பணியிலும் அவருக்குப் பங்கிருந்தது. முதல் மின்விளக்கை ஏற்றிய தமிழரும், பின்னாளில் மின்விளக்குக்காக நெடுங்காலம் காத்திருக்கப்போகும் தமிழரின் வருகைக்குத் துணைநின்றவரும் ஒருவரே. 1902இல் அவர் காலமானார். நியான் கண்டுபிடிக்கப்பட்டு அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பின்பு மின்சாரம் சென்ற திசையெல்லாம் ராவாங் காட்டிய திசையே. 1900இல் ரவூப் பொற்சுரங்கத்துக்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. பேராக்கில் 1926இல் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் தோன்றிற்று. 1928இல் மாலிம் நாவாரில் அனல்மின் நிலையமும், 1930இல் செண்டெரோவில் அணைக்கட்டும் அமைந்தன. (மாலிம் நாவார் கம்பாருக்கு அருகில் உள்ளது, தஞ்சோங் மாலிமொடு மயங்கற்க.) இவற்றின் மின்சாரத்தை முதன்மையாக உண்டவை கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயக்கப்பல்களும் லம்பங்களும். அவை உண்டதுபோக ஈப்போ முதலிய நகரங்கள் ஒளிபெற்றன. லம்பத்தார் விளக்கு, தொடர்வண்டியார் விளக்கு, நகரத்தார் விளக்கு, கடைக்காரர் விளக்கு என்று வரிசை அமைந்தது.

காவலர் விளக்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. 1948இல் அவசரகாலம் பிறந்தது. ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் பலவிடங்களில் முள்வேலிக்குள் திரட்டப்பட்டன. புதுக்கிராமங்களின் வேலியோரமாக மின்விளக்குகள் நடப்பட்டன. உள்ளிருப்போர் படிக்கவோ சமைக்கவோ உதவுவதன்று அவற்றின் முதல் நோக்கம். வேலியை நெருங்குவோரையும் கடப்போரையும் காட்டுவதே.

தஞ்சோங் மாலிம் உலகச் செய்தியில் அடிபட்டதும் அக்காலத்தில்தான். 1952ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், வெட்டப்பட்ட குடிநீர்க் குழாயைச் செப்பனிடச் சென்றவர்கள்மீது பதுங்கியிருந்தோர் சுட்டதில், உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னர் உட்படப் பன்னிருவர் மாண்டனர். உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் ஊருக்கு நேரில் வந்து, ஊரார் துப்புக் கொடாமையைக் கடிந்து, நாளொன்றுக்கு 22 மணி நேர ஊரடங்கை விதித்தார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஏறத்தாழ இரு வாரம் கடைகள் நாளுக்கு இரண்டே மணி நேரம் திறந்தன. கடைவீதியில் விளக்கு எரிந்தென்ன, அணைந்தென்ன? பார்க்க வருவோர் இல்லாத தெருவில் கடைக்காரர் விளக்குக்கு வேலையில்லை.

இனித் தோட்டம். அங்கேயும் விளக்கு இருந்தது; ஆனால் அது தலையில் இருந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் தொழிலாளி நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில் பட்டையைச் சீவினார். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. பிற்காலத்தில் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் வந்தது. மாலையில் சில மணி நேரம் ஓடி, இரவில் நிறுத்தப்பட்டுவிடும். பிறகு படிக்க விரும்பும் பிள்ளைக்கு மீண்டும் மண்ணெண்ணெய்தான். 1949இல் மத்திய மின்சார வாரியமும் 1965இல் தேசிய மின்சார வாரியமும் வந்து கம்பிகள் ஊர்தோறும் சென்றபோதும், தனியார் நிலமாகிய தோட்டத்தின் வாயிலோடு அவை பலகாலும் நின்றன. தோட்டத்துக் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரம் தருவது முதலாளியின் கடமை என்று தெளிவாக வகுத்த வீட்டுவசதித் தரச்சட்டம் 1990ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ராவாங்கிற்கும் அச்சட்டத்திற்கும் இடையே 96 ஆண்டுகள்.

லயத்துக்கு மின்சாரம் வந்தபோது பெரும்பாலும் உடன்வந்தது வெண்ணிறக் குழல் விளக்கு. 1938இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அது நியானுக்கு நெருங்கிய உறவு. அதே கண்ணாடிக் குழாய். உள்ளே 1894இல் கண்ட அந்த ஆர்கானும் சிறிது பாதரசமும். குழாயின் உட்புறத்தில் வெண்பூச்சு. கண்ணுக்குப் புலனாகாத கதிரை அப்பூச்சு வெள்ளொளியாக மாற்றுகிறது. கடைமுகப்பில் கண்ணைப் பறித்த குடும்பத்தின் இளைய உடன்பிறப்பு, லயத்துக் கூடத்தில் பாடப்புத்தகத்தின்மீது ஒளி வீசிற்று. இதனை நான் நியானின் வரலாற்றில் பாரிஸ் கண்காட்சிக்கு மேற்பட்ட நிகழ்ச்சியாகவே கருதுகிறேன்.

இப்போது இரண்டுமே மறைந்துவருகின்றன. கடைத்தெருவில் நியான் எழுத்து என்று கேட்டு வாங்குவோருக்குக் கிடைப்பது, பெரும்பாலும் எல்.இ.டி. மணிகள் பதித்த நெகிழிக் குழாய். வாயு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் சில நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. லம்பத்தின் மின்னாக்கிக்கு ஆண்டு உண்டு. அணைக்கட்டுக்கு ஆண்டு உண்டு. இன்ன தோட்டத்து லயத்தில் முதல் விளக்கு எரிந்த நாள் இது என்பது பெரும்பாலும் முதியோர் நினைவில் மட்டுமே இருக்கிறது.

ஆதலின் தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி தரும்போது, தாத்தா பாட்டியரிடம் சில கேள்விகளைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் என்ன? ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு நின்றது? கிராணி வீட்டிலும் துரை பங்களாவிலும் அதன்பிறகும் விளக்கு எரிந்ததா? கம்பி வழியே மின்சாரம் வந்தது எந்த ஆண்டு? அன்று இரவு எத்தனை மணிவரை விழித்திருந்தீர்கள்?