உண்டியல், வி.பி.பி., பேமென்ட் கேட்வே: இடையில் நிற்கும் பணத்தின் வரலாறு

இணையத்தில் சிறுகடை தொடங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் சொற்களுள் ஒன்று ‘பேமென்ட் கேட்வே’. தொழில்நுட்பம் புதிது, அது தீர்க்க முயலும் சிக்கல் மிகப் பழையது. ஒருவரையொருவர் பார்த்திராத இருவருள் முதலில் நம்ப வேண்டியவர் யார்? பொருளும் பணமும் கைமாறும் இடைவெளியில் பணம் யார் பொறுப்பில் இருக்கும்? இந்திய வணிக வரலாறு இக்கேள்விக்கு வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கிறது.

முதல் விடை ஹுண்டி. தமிழில் உண்டி, உண்டியல் என வழங்கும் இச்சொல் நகரத்தார் வணிகத்தில் மாற்றுச்சீட்டைக் குறித்தது. இன்று கோயில் காணிக்கைப் பெட்டியையும் குறிக்கிறது. கண்டதும் பணம் தரவேண்டியது தர்சனி ஹுண்டி. நன்மதிப்புள்ள வணிகருக்கு மட்டுமே பணம் தரப்பட வேண்டியது ஷாஜோக் ஹுண்டி. சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்தால் மட்டுமே பணம் தரவேண்டியது ஜோக்மி ஹுண்டி. கடனும் காப்பீடும் அதில் ஒன்றாக இணைந்திருந்தன. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும், கீழை மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் தொடர்பான உள்ளூர் வழக்காறுகளைத் தான் பாதிக்காது என விலக்களித்தது. ஆயினும் இம்முறையின் அடித்தளம் அறிமுகமே. குலம், ஊர், பேட்டை என்ற வட்டத்துக்கு வெளியே நின்ற சிறுவணிகரின் கையொப்பத்துக்கு அங்கு மதிப்பில்லை.

அவ்வட்டத்தை உடைத்தது அஞ்சல்துறை. 1877இல் இந்தியாவில் ‘வேல்யூ பேயபிள்’ முறை அறிமுகமாயிற்று. தபால்காரர் பொதியை ஒப்படைத்து விலையைப் பெறுவார். அத்தொகை விற்றவருக்கு அனுப்பப்படும். 1880இல் மணியார்டரும் அஞ்சல்துறையின் பொறுப்புக்கு வந்தது. புத்தகம், மருந்து விற்றோர் முகமறியாத வாசகரையும் நோயாளியையும் இவ்வாறு எட்டினர். விற்பவர் இன்னார் மகன் என்று அஞ்சலகம் கேட்கவில்லை. அருகில் ஓர் அஞ்சலகம் இருந்தால் போதுமானது.

இணைய வணிகம் தொடங்கியபோது பழைய ஐயம் மீண்டும் எழுந்தது. 2010இல் ஃபிளிப்கார்ட் கொண்டுவந்த ‘கேஷ் ஆன் டெலிவரி’ வி.பி.பி.யின் மறுவடிவமே எனலாம். மறுபுறம், வாங்குபவர் முன்கூட்டிச் செலுத்தும் பணம் இடைநிலை நிறுவனங்களிடம் தங்கத் தொடங்கியது. 2009 நவம்பரில் ரிசர்வ் வங்கி, அப்பணத்தை அந்நிறுவனங்கள் தம் விருப்பப்படி கையாள முடியாத தனிக்கணக்கில் வைக்கவும், குறித்த கெடுவுக்குள் வணிகரிடம் சேர்க்கவும் ஆணையிட்டது. 2020 மார்ச் நெறிமுறைகள் அதனை எஸ்க்ரோ கணக்காக வலுப்படுத்தின. பொருளைத் திரும்பப் பெறுவதற்கும் பணத்தைத் திருப்பித் தருவதற்குமான காலவரையறையைக் கடையின் தளம் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

அந்நெறிமுறைகள் சொற்பொருளையும் வரையறுத்தன. பணத்தைத் தொடாமல் தொழில்நுட்ப வழியை மட்டும் அமைத்துத் தருவது ‘கேட்வே’. பணத்தைப் பெற்று வைத்திருந்து வணிகரிடம் சேர்ப்பது ‘அக்ரிகேட்டர்’. பேச்சு வழக்கில் சிறுகடைக்காரர் கேட்வே என்றழைப்பது பெரும்பாலும் இரண்டாவதையே. இவ்வேறுபாடு அவருக்கு முக்கியமானது. விற்ற பொருளின் விலை அவர் கைக்கு வரும்வரை எவர் பொறுப்பில் உள்ளது என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

2016இல் வந்த யுபிஐ, பணத்தை நேரடியாக விற்பவரின் கணக்குக்கே அனுப்ப வழிசெய்தது. அங்கே காத்திருப்பு இல்லை. ஆனால் சரக்கு வந்து சேரும்வரை பணத்தைக் காத்து நிற்கும் நடுவரும் இல்லை.

இவ்வரலாற்றை நேர்கோட்டு முன்னேற்றமாகப் படிப்பது பொருந்தாது. ஹுண்டி குலத்தைக் கேட்டது, வி.பி.பி. ஏறத்தாழ எதையும் கேட்கவில்லை. இன்றைய முறை பான் அட்டை, வங்கிக் கணக்கு, தளம், கொள்கை அறிவிப்பு என ஆவணங்களைக் கேட்கிறது. மோசடியைத் தடுக்க இவை தேவையே. எனினும், வீட்டிலிருந்தபடி ஊறுகாயோ கைத்தறித் துணியோ விற்கும் ஒருவருக்கு 1877இன் அஞ்சலகச் சாளரம் இன்றைய வாயிலைவிட அகலமாகத் தோன்றக்கூடும். பணத்தின் வேகத்தை அளப்பதோடு, வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவோர் யார் என்பதையும் வணிக வரலாறு எழுதுவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.