சயாம் மரண இரயில் ஞாபகக் கற்கள்

சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரையில், 1942-ஆம் ஆண்டின் மத்தியில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் ஜப்பானிய இராணுவம் இணைத்து முடித்த 415 கிலோமீட்டர் இருப்புப் பாதையில் மாண்ட மலாயாத் தமிழ்த் தொழிலாளருக்காக எழுந்த சின்னங்கள் இவை. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டியும், இலவசச் சினிமாவுக்கு அழைத்துக் கதவடைத்தும், தோட்டத்துக் குடியிருப்புகளான லயங்களிலிருந்து பலவந்தமாக இழுத்தும் கொண்டுபோன ஜனங்களைச் சரக்கு வண்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். காலராவாலும் பட்டினியாலும் அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு. அவர்களுள் மலாயாத் தமிழர் பல்லாயிரவர்.

அந்தப் பாதை செல்லும் சயாம் ஊரான காஞ்சனபுரியின் யுத்த மயானத்தில் 6,982 போர்க்கைதிகள் அடங்கியிருக்கிறார்கள்; பெரும்பாலோருக்குத் தனித்தனிக் கல் உண்டு. பெரும்பாலான கற்களில் பெயரும், படைப் பிரிவும், இறந்த நாளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மவர் கிடந்தது பொதுக்குழியில். அவர்களுடைய பெயர் தோட்டத்துச் செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டோடு நின்றுவிட்டது. 1944-இல் அவ்வூரில் ஜப்பானிய இராணுவமே நிறுவிய தூணில் தமிழிலும் வாசகம் உண்டு என்பதும், கொன்றவர் கையாலேயே அவர்களுக்கு முதற்கல் நாட்டப்பட்டது என்பதும் நெஞ்சை அறுக்கும் செய்திகள். 1990-இல் அங்கே ஒரு புதைகுழியிலிருந்து எலும்புகள் வெளிப்பட்டன. 2023-இல்தான் தமிழ்நாட்டு அரசின் நிதியுதவியோடு அவ்வூரில் ஒரு நடுகல் எழுந்தது.

வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதி வழிபட்ட மரபு நம்முடையது. அதே எண்ணம் வேறொரு வடிவில் ஜெர்மனியிலே தோன்றியது. குந்தர் டெம்னிக் என்னும் சிற்பி 1992-இல் கோலோன் நகரில் தொடங்கிய இடறுகற்கள், பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு பதித்தவை. நாஜிகளின் கொடுமைக்கு இரையானவர் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலின் நடைபாதையிலே, ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று தொடங்கி, பெயரும் பிறந்த ஆண்டும் நேர்ந்த கதியும் சொல்பவை. வாசிக்க வேண்டுமானால் குனிந்தே ஆகவேண்டும். 2023-இல் அவற்றின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தை எட்டியது. மியூனிக் நகரமோ, மாண்டவர் பெயரை மிதிக்கலாகாது என்னும் ஆட்சேபத்தை ஏற்று, பொது வீதிகளில் இவற்றைப் பதிக்க அனுமதி மறுத்தது. அந்த ஆட்சேபத்திலும் மரியாதை இருக்கிறது. ஆயினும் எழுதப் பெயர் இருக்கிற தேசத்திலேதான் அந்த விவாதமே எழக்கூடும்.

ஆகவே, மலேசியாவில் சாலாக் செலாத்தான் முதல் கிள்ளான் வரையில், ‘தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை’ என்று இன்றும் சொல்லும் குடும்பத்தார், அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், பிடித்துச் சென்ற ஆண்டையும் இன்றே ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும்.