விரலுக்கும் எழுத்துக்கும் நடுவில்

2013 மே 5, மலேசியாவின் 13ஆவது பொதுத்தேர்தல். அதற்கு நான்கு நாள் முன்பு, கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு கணினிக் கோப்பைப் பற்றிய விவரம் இருந்தது. கோப்பின் பெயர் மலாயில். தமிழில் சொன்னால், 13ஆவது பொதுத்தேர்தலுக்கான உத்தேச வேட்பாளர் பட்டியல், மாநில வாரியாக. யாருக்கு எந்தத் தொகுதி என்று கிள்ளான் முதல் காஜாங் வரை டீக்கடைகளில் பேச்சு ஓடும் பருவம். இப்படி ஒரு கோப்பு வந்தால் யார்தான் திறக்காமல் இருப்பார்கள்?

உள்ளே இருந்தது ஃபின்ஸ்பை. காமா இன்டர்நேஷனல் என்ற ஐரோப்பிய நிறுவனம் விற்ற உளவு மென்பொருள். விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் பதிவு செய்யும், ஸ்கைப் உரையாடலை ஒட்டுக்கேட்கும், கோப்புகளை எடுத்து வேறோர் இடத்துக்கு அனுப்பும். மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஃபயர்பாக்ஸ் மாதிரி வேஷம் போட்டிருந்தது. ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லா, இதை நிறுத்தச் சொல்லி காமாவுக்குச் சட்ட நோட்டீஸே அனுப்பியது. கீலாகர் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் சாதனத்தின் விலை உயர்ந்த வடிவம் இது.

யார் அனுப்பினார்கள்? உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் சிட்டிசன் லேப் எழுதியது. அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்பது காமா சொல்லிவந்த பதில். அந்த ஆண்டு மார்ச்சிலேயே, ஃபின்ஸ்பை சர்வர்கள் இருக்கும் 25 நாடுகளில் மலேசியாவும் ஒன்று என்று இதே ஆய்வகம் காட்டியிருந்தது. சர்வர் இருப்பதால் மட்டும் அந்த நாட்டு அரசுதான் இயக்குகிறது என்று ஆகிவிடாது. அதையும் அவர்களே சொன்னார்கள். ஆனால் இங்கே அந்தச் செய்தியை வெளியிட்ட மலேசியன் இன்சைடர் தளத்தின் மீதுதான் விசாரணை என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் அறிவித்தது. உளவு பார்த்தது யார் என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

விசையை ஒட்டுக்கேட்பது கணினிக்கு முந்தைய பழக்கம். மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஐபிஎம் செலக்ட்ரிக் தட்டச்சுப் பொறிகளுக்குள் சோவியத் உளவுத்துறை கருவி வைத்திருந்தது 1984இல் தெரியவந்தது. 16 பொறிகள். உள்ளே ஓர் உலோகச் சட்டத்தைக் குடைந்து, எந்த எழுத்து விழுகிறது என்பதை அசைவை வைத்தே கண்டுபிடித்து, வானொலி அலையில் வெளியே அனுப்பியிருக்கிறார்கள். 1999இல் அமெரிக்காவின் எஃப்பிஐ, நிக்கோடெமோ ஸ்கார்ஃபோ என்பவரின் கணினியில் ஒரு கோப்பைத் திறக்கும் கடவுச்சொல் கிடைக்காமல், அவருடைய அலுவலகத்துக்குள் ரகசியமாகப் புகுந்து கீலாகர் வைத்தது. கையில் நீதிமன்ற உத்தரவு இருந்தது.

பொறியியல் படித்தவன் கண்ணுக்கு இந்த வரிசையில் முதலில் படுவது செலவு. மாஸ்கோவில் பட்டறை வேலை தேவைப்பட்டது. நியூ ஜெர்சியில் ஆள் உள்ளே போக வேண்டியிருந்தது. 2013இல் ஒரு மின்னஞ்சல் இணைப்பு போதும். உழைப்பு குறையக் குறைய, யாரை வேவு பார்ப்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமும் குறைகிறது.

2015 ஜூலையில் இன்னொரு கதவு திறந்தது. இதே தொழிலில் இருந்த ஹேக்கிங் டீம் என்ற இத்தாலிய நிறுவனத்தையே யாரோ ஹேக் செய்து, ஏறக்குறைய 400 ஜிபி ஆவணங்களை வெளியே கொட்டினார்கள். வாடிக்கையாளர் பட்டியலில் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் பெயரும் பிரதமர் அலுவலகத்தின் பெயரும் இருந்தன. பிரதமர் துறை அப்படி எதையும் வாங்கவில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. விஷயம் அதோடு அடங்கிவிட்டது.

சட்டம் என்ன செய்தது என்று கேட்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பர் 15 அன்று, தேர்தல் முடிந்து ஆறு மாதம் கழித்து, அமலுக்கு வந்தது. வங்கி, டெலிகாம், கடை எல்லாரையும் கேள்வி கேட்கும் சட்டம். ஆனால் மத்திய அரசுக்கும் மாநில அரசுகளுக்கும் இது பொருந்தாது என்று அதன் 3ஆவது பிரிவே சொல்கிறது. இன்னொரு பக்கம், இசாவுக்குப் பதிலாக 2012இல் வந்த சொஸ்மா. பாதுகாப்புக் குற்றம் என்றால் தகவல் தொடர்பை இடைமறிக்க அரசுத் தரப்பு வழக்கறிஞரின் அனுமதி போதும். அவசரம் என்றால் சூப்பரின்டென்டன்ட் பதவியில் இருக்கும் போலீஸ் அதிகாரியே செய்யலாம். ஸ்கார்ஃபோவுக்குக் கிடைத்த நீதிபதி இங்கே அந்தக் கட்டத்தில் இல்லை.

"ஒளிக்க ஒண்ணுமில்லன்னா பயம் எதுக்கு?" என்பார்கள். 2019 அக்டோபரை நினைத்துப் பார்க்கலாம். விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்று சொல்லி 12 பேரை சொஸ்மாவில் பிடித்தார்கள். சிலர் மீதான குற்றச்சாட்டே கைப்பேசியில் இருந்த படங்கள், ஃபேஸ்புக்கில் போட்ட படங்கள் பற்றியது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்குகளைக் கைவிட்டார். அதுவரை நான்கு மாதம் உள்ளே இருந்தவர்கள் இருந்தார்கள். அங்கே கீலாகர் எதுவும் தேவைப்படவில்லை. ஆனால் கைப்பேசியில் கிடப்பது எப்படி ஒரு வழக்காக மாறும் என்பதை நம் சமூகம் அன்றைக்கு நேரில் பார்த்தது.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. கோலாலம்பூர்க்காரரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பிறகு முரசு அஞ்சல் ஆனது. அதில் அம்மா என்று எழுத a, m, m, a, a என்ற ஐந்து ரோமன் விசைகளைத் தட்டுகிறோம். ஐந்து விசை மூன்று எழுத்தாக மாற வேண்டுமானால், நடுவில் ஒரு நிரல் ஒவ்வொரு விசையையும் வாங்கி, முந்தையதை நினைவில் வைத்து, பிறகுதான் திரைக்கு அனுப்ப வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான், தட்டும் ஒவ்வொரு விசையையும் வாங்கித்தான் காதில் சொல்கிறது. கீலாகர் உட்காரும் இடமும் அதே இடம்தான். அந்த இடத்தை மூடினால் நமக்குத் தமிழும் கிடைக்காது, அவர்களுக்குக் கணினியும் கிடைக்காது.

ஆகவே நம்பித்தான் ஆக வேண்டும். புதிய விசைப்பலகைச் செயலியை நிறுவும்போது, நீங்கள் தட்டும் எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கிறது. நாம் படிக்காமல் ஓகே அழுத்துகிறோம். 2017இல் ஏஐ.டைப் என்ற விசைப்பலகைச் செயலியின் 3 கோடியே 10 லட்சம் பயனர்களின் தரவு, கடவுச்சொல் போடாத ஒரு தரவுத்தளத்தில் திறந்து கிடந்தது. 2024இல் அதே சிட்டிசன் லேப், சீன மொழி விசைப்பலகைகளை ஒன்பது நிறுவனங்களிடமிருந்து எடுத்துச் சோதித்தது. எட்டில், தட்டியதை இணைய வழியில் மற்றவர் படித்துவிட முடிந்தது. நம் பக்கத்து வீட்டுச் சீனரும் பின்யின்னில் தட்டி, நம்மைப் போலவே நடுவில் ஒருவரை நம்பித்தான் எழுதுகிறார்.

நிறுவனம் ஏமாற்றினால் கேட்க இன்று ஒரு சட்டமாவது இருக்கிறது. அரசு அந்த இடத்தில் உட்கார்ந்தால்? அப்போது சுபாங் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சிவராசா ராசையா வழக்கறிஞர் மன்றத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பில் நீதிபதி கோபால் ஸ்ரீ ராம், அரசியலமைப்பின் 5ஆவது பிரிவு சொல்லும் தனிமனித சுதந்திரத்துக்குள் அந்தரங்க உரிமையும் அடங்கும் என்று எழுதிவைத்தார். தோற்ற வழக்கில் கிடைத்த அந்த வரியைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தரவுச் சட்டத்தின் 3ஆவது பிரிவை நீக்கு, விசையைத் தொடும் முன் ஒரு நீதிபதியிடம் போ என்று கேட்க அது போதும். இதுவரை உரக்கக் கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.