பள்ளியில் கல்லூரிப் பாடம்: கார்ஃபீல்டு பள்ளியிலிருந்து பெறாத படிப்பினை

அமெரிக்காவில் பள்ளி மாணவர்கள் கல்லூரி நிலைப் பாடங்களைப் படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் (ஏபி) திட்டம், ஏழை மாணவர்களை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டதன்று. 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு அறக்கட்டளை தோற்றுவித்த நிதியத்தின் உதவியுடன் ஆண்டோவர், எக்சிட்டர், லாரன்ஸ்வில் ஆகிய தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களும் கூடி ஆராய்ந்தன. நல்ல பள்ளியில் பயின்று வருபவர் கல்லூரியின் முதலாண்டில் படித்ததையே திரும்பப் படிக்கிறார் என்பதே அவர்களின் கவலை. 1955இல் காலேஜ் போர்டு பொறுப்பேற்றது; 1956 மே மாதத் தேர்வை 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் எழுதினர். தேர்வுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். பொதுவாக 3 பெற்றாலே தேர்ச்சி என்பர். ஆனால் அதற்குக் கல்லூரி ஏதேனும் சலுகை தருமா என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு.

வசதி படைத்தோருக்கென அமைந்த இத்திட்டம் எளியோர் பள்ளிக்கும் பொருந்தும் என்று நாட்டுக்குக் காட்டியது கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. மாணவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள். பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலான்தே 1974இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். 1982இல் அவரிடம் படித்த 18 பேரும் நுண்கணிதத் தேர்வில் தேறினர். விடைகளில் காணப்பட்ட ஒற்றுமையைச் சுட்டித் தேர்வு நிறுவனம் 14 பேர்மீது ஐயம் கொண்டது. அவர்களில் 12 பேர் மறுதேர்வு எழுதினர், பன்னிருவரும் தேறினர். 1988இல் வெளிவந்த 'ஸ்டேண்ட் அண்ட் டெலிவர்' திரைப்படம் இந்நிகழ்ச்சியை உலகறியச் செய்தது.

படத்தைப் பார்ப்பவருக்குக் கூட்டல் கழித்தலில் தடுமாறிய பிள்ளைகள் ஓர் ஆசிரியரின் உறுதியால் விரைவிலேயே நுண்கணிதத்தை எட்டிவிட்டதாகத் தோன்றும். நடந்தது அதுவன்று. 1979இல் அவருடைய முதல் அணியில் தேர்வெழுதியவர்கள் ஐவர், தேறியவர்கள் இருவர். பின்வந்த ஆண்டுகளில் அவர் கீழ் வகுப்புகளின் கணிதத்தைச் சீர்செய்தார். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியில் கோடை வகுப்புகள் நடந்தன. இயற்கணிதத்திலும் முக்கோணவியலிலும் பின்தங்கியவர்கள் அங்கே ஈடுகட்டினர். பென் ஹிமெனஸ் போன்ற சக ஆசிரியர்களும், ஹென்றி கிராடியாஸ் என்ற தலைமை ஆசிரியரும் துணைநின்றனர். 1987இல் நுண்கணிதத்தின் முதல் நிலைத் தேர்வில் 73 பேரும் உயர்நிலைத் தேர்வில் 12 பேரும் தேறியதற்குப் பின்னால் ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. 1991இல் எஸ்கலான்தே பள்ளியைவிட்டு நீங்கியபின் தேர்ச்சி எண்ணிக்கை சரிந்தது. பாடமும் அதே பாடம், தேர்வும் அதே தேர்வு. அடியிலிருந்து தாங்கிய ஏற்பாடுதான் இல்லாமற் போயிற்று.

இந்த உண்மை கொள்கை வகுப்போரின் கண்ணில் போதிய அளவு படவில்லை என்பதே என் வாதம். 1999இல் கலிஃபோர்னிய அரசின்மீது தொடுக்கப்பட்ட டேனியல்ஸ் வழக்கை எடுத்துக்கொள்வோம். கறுப்பின, லத்தீன மாணவர் மிகுந்த இங்கிள்வுட் பள்ளியில் மூன்றே ஏபி பாடங்கள் இருந்தன. கணிதத்திலோ அறிவியலிலோ ஒன்றும் இல்லை. செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸில் பாடங்கள் பன்மடங்கு. வழக்கு முழுக்க நியாயமானது. இல்லாத பாடத்தை எந்த மாணவரும் படிக்க முடியாது. ஆயினும் இதன்பின் 'எத்தனை பாடம் நடத்துகிறீர்கள், எத்தனை பேர் எழுதினர்' என்ற கணக்கே பள்ளியை அளக்கும் கோலாக வலுப்பெற்றது.

தேறாவிட்டாலும் கடினமான பாடத்தைத் தொட்டுப் பார்ப்பதே நன்மை என்று வாதிடுவோர் உண்டு. ஆயத்தமாக வந்து 2 பெற்றவருக்கு அது ஓரளவு பொருந்தும். எட்டாம் வகுப்பு இயற்கணிதமே பிடிபடாத மாணவரை நுண்கணித வகுப்பில் அமர்த்தினால், தனக்குக் கணிதம் வராது என்ற முடிவோடுதான் அவர் வெளியேறுவார். இதை நன்மை என்று ஏற்க இயலவில்லை.

1985இல் மின்னசோட்டா மாநிலம் வேறொரு வழியைச் சட்டமாக்கியது: உயர்நிலைப் பள்ளி மாணவர் அரசுச் செலவில் கல்லூரிக்கே சென்று படிக்கலாம். அங்கே ஒரே நாள் தேர்வு எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. பருவம் முழுவதும் செய்த வேலைக்கு மதிப்பெண் கிடைக்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் கல்லூரி வகுப்பில் போய் உட்காருவதற்கும் முந்தைய ஆண்டுகளின் பயிற்சி வேண்டும்.

ஆகவே ஒரு பள்ளி மேல்நிலைப் பாடங்களைத் தொடங்க நிதி கேட்கும்போது, அதே விண்ணப்பத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து அப்பாடம் வரையிலான ஆசிரியர், நேரம், கோடைப் பயிற்சி ஆகியவற்றுக்கும் திட்டம் கேட்கப்பட வேண்டும். அத்திட்டம் இல்லாத பள்ளிக்கு முதற்பணம் கீழ் வகுப்புகளுக்கே செல்ல வேண்டும்.