கல்முனைக் கரையோரத்தின் கூட்டிசை: களிகம்பு மரபு பற்றிய ஒரு நோக்கு

இசைக்குழு என்றவுடன் கற்றோர் உள்ளத்தில் தோன்றுவது, கொழும்பில் 1958ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைச் சிம்பொனி இசைக்குழு போன்றதோர் அமைப்பேயாகும். யாப்பு, கூட்டக் குறிப்பு, நிகழ்ச்சி நிரல் ஆகியன அத்தகைய அமைப்பின் வரலாற்றுக்குச் சான்றாகின்றன. ஆனால், இசையைத் தொழிலாகக் கொள்ளாத ஊரார் தலைமுறை தலைமுறையாக ஒன்றுகூடி எழுப்பிவந்த கூட்டிசைக்கு இவை எவையும் இல்லை. அதனால் அதற்கு வரலாறே இல்லை என்று கூறிவிடலாமா? கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களைக் கொண்ட கரையோரத்தின் களிகம்பை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வாம்.

அம்பாறை மாவட்டம் 1961இலேயே மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. எனவே, இவ்வூர்க் கலைகள் பற்றிய முற்காலக் குறிப்புகளை மட்டக்களப்பு என்னும் தலைப்பின்கீழேயே தேடவேண்டும் என்பது ஆய்வாளர் மனங்கொள்ளத்தக்கது.

வயலிலும் கடலிலும் தறியிலும் உழைப்போர் வாழும் இவ்வூர்களில், திருமணம், சுன்னத்து, வரவேற்பு முதலிய நிகழ்ச்சிகளில் களிகம்பு அடிக்கப்பெறும். அண்ணாவியார் பாடலை எடுத்துக் கொடுப்பார். வட்டமாய் நிற்போர் அதனை வாங்கிப் பாடியவாறு, மெல்லத் தொடங்கி விரைந்து செல்லும் தாளத்துக்கேற்பக் கம்படிப்பர். இங்கு ஓர் உண்மை புலனாகும். வயலினைத் தனித்திருந்தும் வாசிக்கலாம். களிகம்போ எதிரில் நிற்பவர் கையிலுள்ள கம்பின்மீது பட்டாலன்றி ஒலியாது. ஒருவர் வாராதொழியின் வட்டம் குறைபடும். எனவே இங்கு கருவி என்பது கம்பன்று, குழுவேயாம்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்கது பக்கீர்மாரின் பைத்து ஆகும். றமழான் இரவுகளில் தாயிரா கொட்டிப் பாடி, ஸஹர் உணவுக்கு ஊரைத் துயிலெழுப்பியோர் அவர்கள். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக நிகழும் கொடியேற்ற விழாவிலும் அவர்தம் இசை இடம்பெறும். அவ்விழா சந்திரக் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முந்தி வருவது. ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். கூட்டக் குறிப்பின் இடத்தை இங்கு நாட்காட்டியே நிரப்புகின்றது.

எனினும் இம்மரபு இடரின்றி வந்ததன்று. இசையும் தர்கா வழக்கங்களும் மார்க்கத்துக்கு உடன்பாடா என்னும் வாதம் ஊருக்குள்ளேயே எழுந்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் இரவுக் கூடல்களை அரிதாக்கியது. 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டது. ஏட்டில் எழுதாத பாடலுக்கு மனிதரே ஏடாவர்; அவர் மறையின் பாடலும் மறையும்.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் இப்பகுதி முஸ்லிம்களின் நாட்டார் இலக்கியங்களைத் தேடித் தொகுத்துள்ளனர். சொற்கள் இவ்வாறு ஏடேறின. அடிகளும் தாளமும் ஏடேறுதல் எளிதன்று. கம்புகளைக் காட்சியகத்தில் வைத்துவிடலாம்; வட்டத்தை வைக்க இயலாது. ஆதலின், அண்ணாவியார் ஒருவரின் பாடலைப் பதிவுசெய்யச் செல்லும் மாணவர், அவருக்கு எதிர்நின்று கம்பு பிடிக்கவும் கற்றல் வேண்டும். அதுவே இவ்வரலாற்றை எழுதும் முறையும், அதனைத் தொடரும் வழியுமாகும்.